ஆள் பார்த்துத் தைத்த மெத்தை

கொட்டாஞ்சேனையில் அந்தத் தோட்டத்துக்குள் நுழைகிறவர்களுக்கு முதலில் தெரிவது மணம்தான். துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரிப் புகை, பொதுக் குழாயடியில் கழுவிய மீன், யாரோ ஒருத்தி சொதிக்குப் போட்ட கறிவேப்பிலை. தோட்டம் என்பது பெயர் மட்டும். பதினாலு வீடுகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றன. நடுவில் ஒரு முருங்கை மரம் நின்றது. வேறு பச்சை இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம், வைகாசி மழை பிடிக்கிற நேரத்தில், ஒன்பதாம் வீட்டில் இன்னொரு மணம் சேர்ந்தது. நேசம் வேப்பிலை அவித்த தண்ணீரால் துடைத்தாள். சாம்பிராணி காட்டினாள். கதவைத் திறந்து வைத்தாள், பிறகு அயலுக்குப் போகுமே என்று சாத்தினாள். அந்த மணம் அவளுடைய புருஷனின் உடம்பிலிருந்து வந்தது.

சிறில் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிற கிளார்க். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள், கப்பல் தட்டில் நின்று எழுதிக்கொண்டிருந்தவன் ஈரப் பலகையில் கால் வழுக்கி அடித்தட்டில் மல்லாக்க விழுந்தான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. தை மாதத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. மேலே எல்லாம் பழைய சிறில்தான். அதே பகிடி, அதே பிடிவாதம், பாணுக்குத் தொட்டுக்கொள்ளச் சம்பல் உறைப்புக் குறைந்தால் அதே முகச்சுளிப்பு.

அவர்களுடைய கட்டிலில் கலியாணத்துக்கு வந்த தேங்காய்த் தும்பு மெத்தை கிடந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அதன் நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இரண்டு பேரும் குழிக்குள் கிடப்பார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்த நாட்களிலும் அந்தக் குழி அவர்களை விடவில்லை. பிள்ளைகள் இல்லாத வீட்டில் அது ஒரு பெரிய மனுஷி மாதிரி இருந்து சமாதானம் செய்து வைத்தது. இப்போது அந்தக் குழியில் சிறில் தனியே கிடந்தான். நேசம் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தாள். நாளைக்கு ஐந்து தரம் அவனைப் புரட்டினாள். ஒரு கையை அவன் தோளுக்குக் கீழேயும் மற்றக் கையைத் தொடைக்குக் கீழேயும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவாள். குழியிலிருந்து ஆளை எடுப்பது கிணற்றிலிருந்து எடுப்பது போல இருந்தது. அவளுடைய நடு முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு சேருகிற இடத்தில், ஒரு ஆணியை வைத்து யாரோ அடிப்பது போலிருக்கும். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. அடிபட்டவன் கட்டிலில் கிடக்கும்போது நின்று நடக்கிறவளுக்கு என்ன முதுகு?

அந்தச் சனிக்கிழமை அப்போதிக்கரி நாகேந்திரம் மருந்துப் பெட்டியோடு வந்து சிறிலைக் குப்புறப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நேசத்தைக் கதவடிக்குக் கூப்பிட்டார்.

"புண் பெருத்திட்டுது பிள்ளை. நாரிக்குக் கீழ, இடுப்பெலும்பு தட்டுப்படுற இடத்தில."

"மருந்து போடுறன் ஐயா. நீங்க சொன்னபடிதான்."

"மருந்தில பிழை இல்ல. உந்த மெத்தையிலதான் பிழை. அந்தக் குழியும் ஈரமும். நல்லதா ஒண்டு எடுங்க. மூண்டு கிழமை தாறன். அதுக்குள்ள வாய் மூடத் தொடங்காட்டி ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேணும். வீட்டில வைச்சிருந்து ரத்தத்தில விஷம் ஏற விட ஏலாது."

உள்ளேயிருந்து சிறிலின் குரல் வந்தது. "ஐயா, மெல்லமாக் கதைக்கிறதெண்டா ரோட்டுக்குப் போய்க் கதையுங்க. எனக்குக் கால்தான் போனது, காது போகேல்ல."

அவர் போன பிறகு அவன் நேசத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் அவனுடைய கட்டில் கடைசி மூலையில் இருந்தது. நடக்கமாட்டாதவர்களை அங்கேதான் போடுவார்கள். அவன் அங்கே கிடந்த இரண்டு மாதத்தில் பக்கத்துக் கட்டில் நாலு தரம் காலியானது.

"அங்க மட்டும் அனுப்பாத, நேசம். அந்த மூலைக்குப் போனவன் ஒருத்தனும் நடந்து வரேல்ல, கிடந்தும் வரேல்ல. நான் ஒருத்தன்தான் வந்தனான். ரெண்டாந்தரம் வர மாட்டன்."

"அனுப்ப மாட்டன்."

"சத்தியமா?"

"அந்தோனியார் அறிய."

அந்தோனியாரைச் சாட்சிக்கு இழுத்துச் சொன்ன வாக்கு இனி ஒரு மெத்தையில் தங்கியிருந்தது.

ஞாயிறு பூசைக்குப் பிறகு வீடு நிறைந்தது. சிறிலின் தமக்கை றோஸி வெள்ளவத்தையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்தாள். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற றேமண்டும் வந்திருந்தான். மெத்தைக்கென்று அங்கத்தைய கூட்டாளிகள் சேர்ந்து கொடுத்த காசை ஒரு உறையில் போட்டுக் கொண்டுவந்து மாதா படத்தடியில் வைத்தான். இன்னொரு தரம் அவர்களிடம் கேட்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"முதுகு அடிபட்டவனுக்கு மெத்தையே கூடாது," என்றாள் றோஸி. "பலகை. வெறும் பலகையில ஒரு பாய். எங்கட வீட்டுக்காரர் வாயுவுக்கு அப்பிடித்தான் படுத்தவர்."

"படுத்து என்ன மச்சாள் நடந்தது?" என்று சிறில் கேட்டான். அவன் தமக்கையையும் பகிடிக்கு மச்சாள் என்பான்.

"மூண்டு மாசத்தில எழும்பினவர்."

"எழும்பி?"

"எழும்பி நுகேகொடைக்குப் போய் மற்றவளோட இருந்தவர். அது வேற கதை."

றேமண்ட் சிரித்துச் சிரித்து இருமினான். "எனக்கெண்டா இலவம் பஞ்சுதான் நல்லம் எண்டு படுது. பட்டு மாதிரி இருக்கும். இரத்மலானையில எங்கட பெரிய துரை வீட்டில தொட்டுப் பாத்தனான். கை உள்ளுக்கப் போயிட்டுது."

"கை போனாப் பரவாயில்ல," என்றாள் றோஸி. "முதுகு போனா? பஞ்சில படுத்தா முதுகு வில்லு மாதிரி வளையும். தும்புதான் தாங்கும்."

"தும்பு குத்தும்."

"உனக்கா குத்துது? அவனுக்குத் தெரியாதெல்லோ!"

சொன்ன கையோடு றோஸி வாயைப் பொத்தினாள். சிறில்தான் வாழைப்பழம் ஒன்றைக் கேட்டு வாங்கி உரித்தான். "அக்கா சொல்லுறது சரி. மெத்தையிட்டக் கேட்டுத்தான் இடுப்புக்குச் சுகமா எண்டு தெரிஞ்சுகொள்ள வேணும். இடுப்பு வாய் திறக்காது."

நேசம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். குனிந்து நிமிரும்போது ஆணி இறங்கியது. அவள் அடுப்பங்கரைத் தூணைப் பிடித்துக்கொண்டு, அது போகும் வரைக்கும் சீனிப் போத்தலைத் தேடுகிறவள் மாதிரி நின்றாள்.

திங்கட்கிழமை காலை றேமண்ட் அவளைப் புதுச்சோனகத் தெருப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குக் கூட்டிப்போனான். ஸஹாப்தீன் நானாவின் மெத்தைக் கடை அங்கே இருந்தது. முன்னால் பஞ்சை வில்லால் அடிக்கிற சத்தம் கேட்டது. பஞ்சுத் துகள் வெயிலில் பூச்சி மாதிரிப் பறந்தது. ஸஹாப்தீனின் புருவத்திலும் தாடியிலும் பஞ்சு ஒட்டியிருந்ததால் எது நரை, எது பஞ்சு என்று தெரியவில்லை.

"ஆருக்கு மெத்த?"

"இவட ஹஸ்பண்டுக்கு, நானா. முதுகில அடிபட்ட ஆள்," என்றான் றேமண்ட்.

"ஆள் எங்க?"

"ஆள் வர ஏலாதே. எழும்ப ஏலாம ஈக்கிறார்," என்று றேமண்ட் அவருடைய பேச்சையே அவருக்குத் திருப்பிச் சொன்னான்.

ஸஹாப்தீன் வில்லைக் கீழே வைத்தார். "அப்ப நான் எப்படித் தைக்கிற? தும்பு, பஞ்சு எல்லாம் பொறகு. நான் அடியில தும்பு போட்டு மேல பஞ்சு போடுவன். உறையத் தைக்காம ஆளப் படுக்க வெச்சுப் பாப்பன். எங்க தாழுது, எங்க முட்டுது, எங்க நோவு, எல்லாத்தையும் சோக்கால குறி போட்டு, அதுக்கேத்த மாதிரிப் பஞ்ச ஏத்துவன், எடுப்பன். பொறகுதான் ஊசி. ஆளப் பாக்காமத் தைக்க எனக்கு ஏலா. எங்கட வாப்பாவும் அப்படித் தைச்சதில்ல."

"அவரைக் கொண்டு வர வழியில்ல, நானா," என்றாள் நேசம்.

அவர் அவளைப் பார்த்தார். அளவெடுக்கிற பார்வை, வேறொன்றும் இல்லை. "அவரும் ஒங்கட ஒசரம் ஈக்குமா?"

"கொஞ்சம் கூட."

"கனம்?"

"முந்தி என்னை விடக் கனம்." அவளுக்கு அடுத்த சொல்லைச் சொல்லக் கஷ்டமாக இருந்தது. "இப்ப என்ர கனம்தான் இருக்கும்."

"அப்ப நீங்க அவருக்காகப் படுங்க. உள்ளுக்க எங்கட பொஞ்சாதி ஈக்கிது. பொம்பளயளுக்கு அவதான் குறி போடுற." அவர் குரலைத் தாழ்த்தினார். "முதுகுல எவடம் எண்டு விளங்கச் செல்லுங்கம்மா. அதுதான் முக்கியம்."

புண் எங்கே என்பதை நேசம் அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு அந்நிய ஆம்பிளையின் முன்னால், தெருவில் ஆட்கள் போய் வரும் கடையில், புருஷனின் அந்த இடத்தை வாயால் சொல்ல அவளுக்குக் கூசியது. புண் என்றால் கெட்ட மணம் என்றும் நினைப்பார்கள். "நாரிப் பக்கம்," என்று மட்டும் சொன்னாள். உள்ளே பெண்ணிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

உள் அறை சிறியது. சீலை தொங்கவிட்டிருந்தது. தரையில் நீலக்கோடு போட்ட உறை, ஒரு பக்கம் தைக்காமல், பாதி நிரம்பிக் கிடந்தது. ஸஹாப்தீனின் பெண்சாதி ஹமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து வந்தாள். கையில் ஒரு துண்டு வெள்ளைச் சோக்குக் கட்டி.

"வாங்க ராத்தா. செருப்பக் கழட்டிட்டு மல்லாந்து படுங்க. வெக்கப்படாதீங்க. இதுல எத்தன கல்யாணப் பொண்ணுகள் படுத்து எழும்பினது தெரியுமா? ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சுக் குறியெல்லாம் கோணலாப் போச்சு. இப்பவும் அவ மாப்புள செல்லுறானாம், மெத்த ஒரு பக்கம் சரியுது எண்டு."

நேசமும் சிரித்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள்.

அவள் நாலு மாதமாகப் பாயில் படுத்தவள். முதலில் உடம்பு நம்பவில்லை. தோள்கள் தூக்கியபடியே நின்றன, விழப்போகிறவளைப் போல. பிறகு பஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது. அடியிலிருந்த தும்பு வந்து தாங்கியது. கழுத்து இறங்கியது. கைகள் தாமாக விரிந்தன. கூரையில் ஒரு கண்ணாடி ஓட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தது. வெளியே வில் டொங், டொங் என்று அடித்தது. யாரையும் புரட்ட வேண்டியதில்லை, யாரும் கூப்பிடவில்லை. சிறில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஒரு தரமாவது மல்லாந்து படுத்தாளா என்று யோசித்தாள். இல்லை. எப்போதும் கட்டில் பக்கமாகச் சரிந்து, ஒரு காதை மேலே வைத்துக்கொண்டு படுப்பாள்.

"எங்க நோவு?" என்று ஹமீமா கேட்டாள்.

இந்தக் கேள்வியை நாலு மாதத்தில் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அதுவும் இப்படி, பக்கத்தில் குந்தியிருந்து, முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துக்கொண்டு. நேசத்தின் கை தானாகப் போய் இடத்தைக் காட்டியது.

"இஞ்ச."

"இங்கயா? இங்கனதான் மிச்சம் பேருக்கு." ஹமீமா ஒரு பிடி தும்பை உறையின் திறந்த பக்கத்தால் உள்ளே தள்ளினாள். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

"இப்ப?"

ஆணி இருந்த இடத்தில் ஒரு கை வந்து அணைகொடுத்தது. நாலு மாத வலி அந்தக் கையில் சாய்ந்துகொண்டது. நேசம், "ஓம்," என்றாள். அதன் பிறகு ஹமீமா கேட்டவை எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். கெட்டியாக வைக்கட்டுமா, ஓம். இதே இடந்தானே, ஓம். சோக்கு உறையில் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

விழித்தபோது கண்ணாடி ஓட்டின் வெளிச்சம் சுவரில் ஏறியிருந்தது. ஹமீமா ஒரு கோப்பையில் இஞ்சிப் பிளேன்டீயோடு இருந்தாள்.

"நல்லா ஒறங்கினீங்க. எழுப்ப மனசு வரல்ல. மெத்த சரி எண்டு இத விட ஆரு செல்லுற?"

நேசம் அவசரமாக எழுந்தாள். தலைமுடியை முடிந்தாள். சிறிலைப் புரட்டுகிற நேரம் போய்விட்டது என்ற ஒரு நினைப்பைத் தவிர அவளுக்கு அப்போது வேறு நினைப்பு வரவில்லை.

மெத்தை வியாழக்கிழமை வந்தது. தோட்டம் முழுதும் வந்து அமுக்கிப் பார்த்தது. "துரை வீட்டு மெத்தை தோத்துது," என்றான் றேமண்ட். நாலு பேராகச் சிறிலைத் தூக்கிப் புதியதில் கிடத்தினார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

"ராசா மாதிரி இருக்கு," என்றான். "குழியில்லாதது மட்டும் ஒரு மாதிரி இருக்கு."

பழைய மெத்தையைக் கொண்டுபோய்க் குப்பை மேட்டில் போட்டார்கள். அன்று பின்னேரம் நேசம் ஆட்டிறைச்சி வாங்கிக் கறி வைத்தாள். மழை இறங்கியது. முருங்கைப் பூ வாசல் முழுதும் கொட்டிக் கிடந்தது. சிறில் இரண்டாம் தரம் கறி கேட்டு வாங்கினான். சந்தோஷம் என்று சொல்லக்கூடிய நாள் அது ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் காலையில் கட்டுத் துணியை அவிழ்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புண் மூடவில்லை. கரைகள் கறுத்து, பழைய அளவை விட ஒரு விரல் அகலம் கூடியிருந்தது. இரண்டு நாள் தன் கண்ணை நம்பாமல் இருந்தாள். ஒருவேளை ஆறுவதற்கு முன் இப்படித்தான் ஆகுமோ என்று தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஏழாம் நாள் அவனை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு மெத்தையைத் தடவினாள். சரியாக அந்த இடத்தில், புண் படுகிற இடத்தில், மெத்தை ஒரு முழங்கால் மாதிரிக் கெட்டியாக நின்றது.

அவளுக்கு வலிக்கிற இடமும் அவனுக்குப் புண் இருந்த இடமும் ஒன்றுதான். அவளுக்கு அங்கே தாங்க வேண்டும். அவனுக்கு அங்கே ஒன்றும் படக்கூடாது. ஹமீமா எங்கே நோவு என்று கேட்டபோது அவள் தன் நோவைச் சொன்னாள்.

மழையோடு மழையாக றேமண்ட் போய் ஸஹாப்தீனைக் கூட்டிவந்தான். அவர் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு வந்து, சிறிலுக்கு ஸலாம் சொல்லி, மெத்தையில் உள்ளங்கையை ஓடவிட்டார். நேசம் புண்ணைப் பற்றி இப்போது சொன்னாள். கூச்சம் எல்லாம் போயிருந்தது. அவர் கேட்டு முடித்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"இத அண்டைக்குச் செல்லியிருந்தா அவடத்த நான் பள்ளமா உட்டிருப்பன், அம்மா. இது மெத்தப் பிழையில்ல. இது வேற ஆளுக்குத் தைச்ச மெத்த."

"பிரிச்சுத் தைக்க ஏலாதா நானா?"

"பிரிக்கலாம். காய வெச்சு அடிக்க வெயில் வேணுமே. இந்த மழைக்குப் பிரிச்சாப் பஞ்சு களியாப் போகும். ஒரு பத்து நாள் மழ வெளிச்சா சல்லி இல்லாம நானே செஞ்சு தாரன்."

பத்து நாள் மழை விடவில்லை. அவள் பழைய சேலைகளை மடித்து வளையமாகச் சுற்றி அவனுக்குக் கீழே வைத்தாள். மெத்தையை எடுத்துவிட்டுப் பலகையில் பாய் விரித்துப் பார்த்தாள். திரும்பவும் மெத்தையைப் போட்டாள். பதினோராம் நாள் சிறிலுக்குக் குளிர் பிடித்து நடுங்கியது. கண் சிவந்தது. மூன்று கிழமைத் தவணையும் கடந்திருந்தது. அப்போதிக்கரி ஆஸ்பத்திரிக்குக் காகிதம் எழுதினார்.

"நாளைக்குக் காலமை கொண்டு போகச் சொல்லுறன். எனக்கு வேற வழி தெரியேல்ல, பிள்ளை."

நேசம் அழவில்லை. அவர் போன பிறகு கட்டிலில் அவனுடைய தலைமாட்டில் இருந்தாள்.

"இஞ்சேருங்க. உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். கடையில என்னைப் படுக்கச் சொன்னவை. எங்க நோவு எண்டு கேட்டவை. நான் என்ர நோவைச் சொல்லிட்டன். உங்கட புண்ணைச் சொல்லேல்ல. எனக்கு எது சுகமோ அதைத்தான் தைச்சுக் கொண்டு வந்தனான்."

சிறில் காய்ச்சல் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் கோபிப்பான் என்று எதிர்பார்த்தாள். கோபித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள்.

"உனக்கு முதுகு நோவா?" என்று கேட்டான்.

"அது ஒண்டுமில்ல."

"எண்டைக்கிருந்து?"

அவள் அவனுடைய போர்வையை இழுத்துவிட்டாள். அவனுக்குத் தானாக விளங்கியிருக்க வேண்டும். விரலால் ஏதோ எண்ணினான். தை, மாசி, பங்குனி.

"நான் எல்லாரையும் கேட்டனான்," என்றான் மெல்ல. "பாரந்தூக்கி சரியாப் போச்சா, ஆருக்கு என்ர வேலை குடுத்தது, கப்பல் எத்தினை வந்தது. உன்னைக் கேக்கேல்ல."

"அந்தோனியார் மேல சொன்னதை என்ன செய்ய?"

"அவருக்கு நான் சொல்லுறன். நீ விடு."

காலையில் றேமண்டும் வேறு மூன்று பேரும் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். ஆஸ்பத்திரி வண்டி தோட்டத்துக்குள் வராது, வாசல் ரோட்டில் நின்றது. மழை சற்று விட்டிருந்தது. சிறிலைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்து நிலத்தில் இறக்கினார்கள். றோஸி ஒரு கோப்பை, ஒரு சீப்பு, செபமாலை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டினாள். தோட்டத்துப் பெண்கள் கதவு வழியே எட்டிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் பொறு மச்சான்," என்றான் சிறில் றேமண்டிடம். பிறகு, "நேசம், நீ அந்த மெத்தையில படு," என்றான்.

"என்ன விசர்க்கதை இது? வண்டி நிக்குது."

"நிக்கட்டும். படு. நான் ஒருக்காப் பாக்க."

"ஆக்கள் பாக்கினம்."

"றேமண்ட், அந்தப் பக்கம் திரும்பு. மற்றவங்களும் திரும்புங்கடா."

நாலு ஆம்பிளைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள். றோஸி வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நேசம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். விரிப்பில் அவன் கிடந்த சூடு இன்னும் இருந்தது. அவன் நிலத்திலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மாதமாக அவள் கீழேயும் அவன் மேலேயும் கிடந்தார்கள். இப்போது மாறியிருந்தது.

அவனுடைய மனத்துக்காக ஒரு நிமிஷம் படுத்துவிட்டு எழும்பலாம் என்று அவள் நினைத்தாள். உடம்பை இறுக்கிக்கொண்டு, சுகம் எதையும் வாங்கிக்கொள்ளாமல் படுக்கலாம் என்று நினைத்தாள். தலையைச் சாய்த்தாள். கெட்டியான அந்த இடம் வந்து அவளுடைய முதுகைத் தாங்கியது. அவள் வேண்டாம் என்றாள். முதுகு கேட்கவில்லை. ஒவ்வொரு எலும்பாக இறங்கியது, ஆணி கழன்றது, மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அவள் வாயைச் சேலைத் தலைப்பால் அடைத்துக்கொண்டாள்.

"சுகமா இருக்கா?" என்று சிறில் கேட்டான்.

பொய் சொல்ல அவளுக்கு முடியவில்லை.

"ஓம்," என்றாள்.

"அப்ப சரி." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "றேமண்ட், தூக்கு."

கதவு திறந்தது. மழை திரும்பத் தொடங்குகிற சத்தம் ஓட்டில் கேட்டது. "மெல்ல, மெல்ல, படியில பாத்து," என்று றேமண்ட் சொல்வது கேட்டது. நேசம் எழும்பப் பார்த்தாள். அவனோடு வண்டி வரைக்கும் போக வேண்டும், கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கைகளை ஊன்றினாள். நாலு மாதமாக அவனைத் தூக்கிய கைகளுக்கு அவளைத் தூக்கத் தெரியவில்லை. முற்றத்தில் அவர்களுடைய கால்கள் தண்ணீரில் சளக் சளக் என்று போகும் வரைக்கும் அவள் அந்த மெத்தையில் கிடந்தாள்.